ஊதலுக்கு வந்தது

ஹாகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையைக் குத்திக்காட்டாமல் யாரும் ஒரு வாய் விழுங்கியதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஆட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் உப்புக்கட்டியும் தீவனமும் லாரியில் கொண்டுபோய்ப் போடுவது என் பிழைப்பு. வயோமிங்கில் ஒரு வீட்டைத் தாண்டினால் அடுத்த வீடு கண்ணுக்கே தெரியாது. அதனால் சாப்பாட்டு வேளைக்கு எந்த வாசலில் வண்டி நிற்கிறதோ அந்த வீட்டில் எனக்கும் ஒரு தட்டு விழும். ஹாகன் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக இருக்கும். அங்கே நடக்கும் பேச்சுதான் தொண்டையில் இறங்காது.

மேசையின் தலைமாட்டில் கிழவர் ஹால்வர் உட்காருவார். அவர் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் மகன் லைல், கல்யாணம் நிச்சயமான மிதப்பில் இருந்தவன். எதிரே மாப்பிள்ளை வெர்னன். டவுனில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனை, கிழவரின் மகள் ஆர்டிஸ் ஒரு திருவிழா நடனத்தில் பார்த்து, அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் கட்டிக்கொண்டாள். கடையை இழுத்து மூடியதும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். ஆர்டிஸுக்கும் அந்த மேசையில் ஒரு நாற்காலி உண்டு. உட்காரத்தான் நேரம் கிடையாது.

அது மே மாதக் கடைசி. நரிக்கு விஷக்கறி வைக்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டதற்கு மறு வருஷம். ஆடுகள் குட்டி போட்டு ஓய்ந்துகொண்டிருந்த சமயம். கீழ்க்காட்டில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை, விடிந்து பார்த்தால் குட்டிகள் கிழிபட்டுக் கிடந்தன. அங்கத்திய நரிக்குக் கொயோட்டி என்று பேர். சாப்பிடும்போது அந்தப் பேரை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நரி என்றோ, அதுங்க என்றோ சொல்லி முடித்துவிடுவார்கள்.

"என்ன மச்சான், இன்னைக்கு எத்தன பேரு பாஸு?" என்றான் லைல்.

வெர்னன் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான்.

"உப்புக்காரரே, ஒங்களுக்குச் சேதி தெரியாதா? எங்க மச்சான் கீழ்க்காட்டுல நரிங்களுக்குப் பள்ளிக்கூடம் வச்சிருக்காரு. தெனம் காலையில போயி ஊதுறாரு. அதுங்க எட்ட உக்காந்து கேட்டுட்டு, ஓகோ இதுதான் மனுசன் ஊதுற ஊதலான்னு படிச்சுக்கிட்டுப் போவுதுங்க. இனிமே நெசமாவே முயல் செத்தாக்கூட ஒண்ணும் எட்டிப் பாக்காது."

கிழவர் சிரித்ததில் குழம்பு தாடியில் தெறித்தது. "பீஸு எவ்வளவு வாங்குற மாப்ள?" என்றார்.

லைல் அப்படிப் பேசுவதற்கு அவனிடம் விஷயம் இருந்தது. நரியை அழைக்கிற ஊதல் என்பது விரல் நீளத்துக்கு ஒரு மரக்குழல், உள்ளே மெல்லிய தகடு. காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி, ஒரு புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, அடிபட்ட காட்டுமுயல் போடும் ஓலத்தை அதில் ஊத வேண்டும். பசித்த நரி ஓடி வரும். ஒரு தடவை வந்து மனிதனைக் கண்டுகொண்டு உயிரோடு திரும்பிவிட்டால், பிறகு அதன் ஆயுசுக்கும் அந்தச் சத்தத்துக்கு வராது. லைல் போன பனிக்காலத்தில் ஊதி அழைத்துச் சுட்டதெல்லாம் சாலையோர முள்வேலியில் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. யார் சுட்டாலும் அப்படி மாட்டிவைப்பது அங்கே வழக்கம். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்து, இன்ன வீட்டில் இன்னான் கைகாரன் என்று தெரிந்துகொள்வான். வெர்னன் பேருக்கு அந்த வேலியில் ஒரு வால்கூட இல்லை.

"கடியப் பாத்தீங்களா மாமா?" வெர்னன் தலையைத் தூக்காமலே கேட்டான். "தொண்டையில பல்லே படல. பின்னங்காலும் விலாவும்தான் கிழிஞ்சு கெடக்கு. ஒரு வாய் திங்கவும் இல்ல."

"லைலு, இஸ்திரிப்பெட்டி நமக்குக் கடி சொல்லிக் குடுக்குது, கேட்டுக்கடா." கிழவர் கரண்டியை வைத்தார். "அது மொதப் பேறு நரி மாப்ள. கொல்லத் தெரியாம கொல்லுது. பல்லு மொளைக்கிறதுக்கு முந்தியே நரிக்கடி பாத்தவன் நான்."

கிழவர் காப்பியை உறிஞ்சிவிட்டு, எனக்காகவே சொல்வதுபோல என் பக்கம் திரும்பினார்.

"உப்புக்காரா, நீயும் சாட்சியா இரு. மந்தை மலைக்கு ஏறுறதுக்குள்ள இவன் ஒரே ஒரு நரி ஊதி அடிச்சு வேலியில மாட்டட்டும். மலை மேல்வீட்டுச் சாவியும் கோடை மந்தையும் இவனுக்கு. மாட்டலையா, லைலு கல்யாணம் கட்டி அங்க போயிருவான். இவரு இங்கயே கெடந்து கம்பளிமூட்டைய மிதிக்கட்டும். வெளுத்த துணியும் கம்பளியும் ஒண்ணுதான?"

அடுப்படியில் ஆர்டிஸின் கை ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். பிறகு பாத்திரச் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

சாப்பாடு முடிந்து நான் உப்புக்கட்டிகளை இறக்கும்போது அவள் கொட்டகை ஓரத்தில் செத்த குட்டி ஒன்றின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தாய் செத்த குட்டிக்கு அந்தத் தோலைச் சட்டையாக மாட்டிவிட்டால், குட்டி செத்த தாய் மோந்து பார்த்து, தன்னுடையதுதான் என்று நம்பிப் பால் கொடுக்கும். நாலு கால் ஓட்டையில் உயிருள்ள குட்டியின் காலை நுழைத்து, கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பக்கத்தில் அவளுடைய கிழட்டுப் பெட்டைநாய் டாலி சிந்தியதை நக்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக் குளம்பு பட்டு அதற்கு ஒரு கண் போயிருந்தது. சின்ன வயதில் ஆர்டிஸ் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நாய்.

"அந்த மேல்வீட்டுக்கு உப்பு எறக்கப் போறப்ப உள்ள பாத்திருக்கீங்களா அண்ணே?" என்றாள்.

"எலிப் புழுக்கைதான் கெடக்கு."

"பெருக்கிக்கலாம். எங்கப்பா இருமுறதக் கேட்டு எந்திரிக்காம ஒரு நாள், ஒரே நாள் காலையில கண்ண முழிக்கணும் அண்ணே. அடுப்புல நான் எனக்காக ஒரு காப்பி போடணும்." குட்டியைத் தூக்கித் தாயிடம் விட்டாள். ஆடு மோந்தது, உதைத்தது, மறுபடி மோந்தது. "அவரு நல்லவரு. இங்க இருந்தா இவங்க ரெண்டு பேரும் அவர நாயாக்கிருவாங்க."

கிழவருடைய நாய் கிங், அவர் அறை வாசலில் தன் சாக்கின்மேல் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, மினுமினுவென்று, அந்தப் பள்ளத்தாக்கிலேயே பேர்போன மந்தைநாய். கிழவர் விரலை ஆட்டினால் போதும், குன்றுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஆட்டைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தும். அதற்கு வேறு யாரும் சோறு போடக் கூடாது. மகனை அவர் அப்படித் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வெர்னன் எனக்கு ரொம்பக் காலம் கழித்து, கேட்காமலே சொன்னான்.

ஜூன் பிறந்தும் புதர்களில் உறைபனி ஒட்டியிருந்த ஒரு காலை. வறண்ட ஓடையின் கரையடியில், முதுகுக்கு ஒரு முட்புதரை வைத்து உட்கார்ந்தான். காற்று முகத்துக்கு நேராக வந்தது. மற்ற நாளெல்லாம் லைலின் சிரிப்பு காதில் கேட்க, மூச்சு முட்ட முட்ட, விடாமல் ஊதித் தள்ளுவான். அன்றைக்கு உடம்பில் தெம்பே இல்லை. ஒரு ஓலம் விட்டான், பாதியில் மூச்சு அறுந்தது. கொஞ்சம் விட்டு ஒரு முனகல். அவ்வளவுதான். மடியில் துப்பாக்கியோடு சும்மா இருந்தான். சாகிற முயலும் அப்படித்தான் ஓலமிடும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆடுகள் இருந்த பக்கத்திலிருந்து ஏதோ தரையோடு தரையாக ஓடி வந்தது. துப்பாக்கியைத் தூக்கினான். குறியில் வந்து நின்றது கிங்.

மார்பு நனைந்து சிவப்பாக இருந்தது. காது வரைக்கும் ரத்தம். பல்லிடுக்கில் கம்பளி மயிர். அவனைக் கண்டதும் காதை மடக்கி, வாலை ஆட்டி, நல்ல பிள்ளையாக வந்து அவன் பூட்ஸ் பக்கத்தில் படுத்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. தொண்டையில் படாத பல், தின்னாமல் விட்ட கறி, எல்லாம் அவனுக்கு அந்த இடத்திலேயே விளங்கிப் போயிற்று.

அவன் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. நாய் வந்த தடத்திலேயே இன்னொன்று வந்தது. பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, மறைவே தேடாமல், வெட்டவெளியில் ஓடிவந்த நரி. முயல் ஓலத்துக்கு வந்ததா, தன் வளைப் பக்கம் திரிந்த நாயை விரட்ட வந்ததா என்று யாருக்குத் தெரியும். மனிதனைக் கண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட்டான்.

அது தன் விலாவைத் தானே கடித்துக்கொண்டு சுற்றியது. விழுந்தது. செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டப் போனபோது, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு கல்மேட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மடி கனத்திருந்தது. நகர நகர, தரையில் ரத்தத்தோடு பாலும் இழுபட்டது. இன்னொரு குண்டு இருந்தது, துப்பாக்கியைத்தான் அவன் தூக்கவில்லை. கல்மேட்டுக்கு அது பாதி தூரம்கூடப் போகவில்லை. அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கிங்கின் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பக்கத்தில் நீர் ஓடுகிற வாய்க்காலுக்கு இழுத்துப்போனான். பனிக்கட்டி உருகி வந்த தண்ணீரில் அதை நிறுத்தி, மார்பையும் காதையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பல்லிடுக்கில் இருந்த மயிரை நகத்தால் எடுத்தான். சலவைக் கடையில் பழகிய கை. ஒரு கறை மிச்சமில்லை.

"ஏன் கழுவுனேன்னு இன்னைக்கும் தெரியல" என்றான் என்னிடம். "கை பாட்டுக்குப் போச்சு. சாவி கெடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

நரியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பண்ணைக்குள் நுழைந்தபோது லைல் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். மெச்சுவதிலும் அவனுக்குக் கை முரடு.

"அட என் மச்சானே! சட்ட வெளுக்கற கையா இது! எங்க உக்காந்த? எத்தன தடவ ஊதுன?"

கிழவர் வெளியே வந்து நரியின் மடியைப் பூட்ஸ் முனையால் அமுக்கினார். ஒரு சொட்டு வெள்ளையாக வந்தது.

"நான் சொன்னேனா இல்லையா, மொதப் பேறுன்னு. பால் கட்டிக் கெடக்கு. குட்டிங்க வளைக்குள்ளயே கத்திக் கத்திக் காஞ்சிரும். தோண்டுற வேலை மிச்சம் மாப்ள." கல்யாணமாகி இத்தனை நாளில் முதல்தடவையாக அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆர்டிஸ் அந்த மடியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிங்கு ஏன் இப்புடி நனைஞ்சு நடுங்குது?" என்று கேட்டாள்.

"வழியில வாய்க்கால்ல விழுந்துருச்சு" என்றான் வெர்னன்.

கம்பி வைத்து நரியை வேலியில் மாட்டினார்கள். அந்த வாரம் நான் வண்டியில் போகும்போது காற்றில் அது மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுச் சாவி ஆர்டிஸின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. உருளைக்கிழங்கு ரொட்டியில் சர்க்கரை தூவி எனக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். லைல்கூட மேசையில் வேறு பேச்சு பேசினான்.

கம்பளி கத்தரிக்க ஆட்கள் வந்தார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை கிங் பட்டிக்குள் ஆடு தள்ளிவிட்டு, சாக்கில் விழுந்து செத்ததுபோலத் தூங்கும். அந்த நாள்களில் ஒரு குட்டிக்கும் சேதமில்லை. பார்த்தாயா, மாப்பிள்ளை அடித்த நரிதான் அது என்று பள்ளத்தாக்கெல்லாம் பேச்சாயிற்று. வெர்னனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்திருந்தான் என்று நினைக்கிறேன். மனசு வைத்தால் நம்பிவிடலாம்.

கத்தரிப்பு முடிந்து ஆட்கள் போன மறுநாள் நான் தீவன மூட்டைகளோடு போனேன். கொட்டகைக்கு முன்னால் குட்டிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கத்தரித்த தாய் ஆடு ஒன்றும் கூடக் கிடந்தது, விலா பிளந்து. கிழவர் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது நரி இல்ல" என்றார். "நரிதான் வேலியில தொங்குதே. இது நாய்க்கடி. எவன் பாத்தாலும் சொல்லுவான்."

தான் முன்னே சொன்னது அவருக்கு நினைவே இல்லை. இருந்தாலும் அதைச் சொல்லிக்காட்ட அங்கே யாருக்குத் துணிச்சல்.

நாய்களைக் கூப்பிட்டார். கிங் சாக்கிலிருந்து எழுந்து சோம்பல் முறித்து வந்தது. விடிந்ததும் வாய்க்காலில் இறங்கிக் குளித்துவிட்டு வருவதை அது இப்போது வழக்கமாக வைத்திருந்தது. வெர்னன் கற்றுக்கொடுத்த பழக்கம். டாலி கொட்டகைக்குப் பின்னாலிருந்து தள்ளாடி வந்தது. அதன் மோவாயில் ஒரு கொத்துக் கம்பளியும் காய்ந்த ரத்தமும் ஒட்டியிருந்தன.

"அப்பா, அது செத்தத நக்கியிருக்கும்" என்றாள் ஆர்டிஸ். "குட்டி போடுற காலம் முழுக்க அது அதத்தான பண்ணுது. ஒரு கண்ணு இல்லாத நாய், ஓடுற குட்டிய எப்புடிப் புடிக்கும்?"

"நக்கி ருசி கண்டதுதான் கடிக்கும்."

"அப்ப கிங்கு?"

கிழவர் நிமிர்ந்தார். "என்ன கேட்ட?"

"இருக்கறது ரெண்டு நாய்தான. கேட்டேன்."

"எங்கையால வளந்த நாய் அது. இன்னொரு தடவ அந்தப் பேர எடுக்காத."

ஆர்டிஸ் வெர்னன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க சொல்லுங்க. காலையில கீழ்க்காட்டுல திரியறது நீங்கதான். டாலிய அங்க என்னைக்காச்சும் பாத்தீங்களா?"

"டாலியப் பாக்கல" என்றான்.

"வேற எதையாச்சும் பாத்தீங்களா?"

வெர்னன் அவள் கழுத்தைப் பார்த்தான். சங்கிலியில் சாவி. வேலியைப் பார்த்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், லைல் உட்பட. ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால், அந்த நரி சும்மா செத்த நரி, அந்தச் சாவி சும்மா கிடைத்த சாவி, அவன் மறுபடியும் இஸ்திரிப்பெட்டி.

"இல்ல" என்றான்.

"அப்புறம் என்ன பேச்சு" என்றார் கிழவர். "ஆடு கடிச்ச நாய அதோட சொந்தக்காரன்தான் சுடணும். வேற ஆளு கை படக் கூடாது. நீ பொறக்கறதுக்கு முன்ன என் தம்பியையும் அவன் நாய அப்புடித்தான் சுட வச்சேன். போ, எடுத்துட்டு வா."

"மாமா, நான் பண்றேன்" என்றான் வெர்னன்.

"ஒன் நாயா அது?"

வெர்னன் ஓரமாக விலகி நின்றான்.

ஆர்டிஸ் அழவில்லை. உள்ளே போய், காலையில் மீந்த, தோசை மாதிரி மெத்தென்ற அந்த ஊர்ப் பணியாரம் ஒன்றில் இனிப்புப் பாகு ஊற்றி, ஒரு கையில் அதையும் மறு கையில் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். டாலி தின்பண்ட வாசனைக்கு நல்ல கண்ணைத் திருப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே கொட்டகை மறைவுக்குப் போனது. நெடுநேரம் சத்தமே இல்லை. தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தாள் போலும். பிறகு வெடித்தது. உடனே இன்னொன்று. முதல் குண்டு சரியாகப் படவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கிங் காதை விறைத்துக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

திரும்பி வந்தவள் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள்.

மந்தை மலையேறுகிற அன்று கிழவர் செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் மோசம். அவர் மனசில் அது பெரிய தாராளம். வண்டியில் சாமான் ஏற்றி முடித்ததும், கிங்கின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கொண்டுவந்து வெர்னன் கையில் கொடுத்தார்.

"நாய் இல்லாம மந்தைய எப்புடி மேய்ப்ப? எனக்கு இனிமே மலையேற முடியாது. எங்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதுதான். ஒனக்குத்தான். நரி அடிச்சவனுக்கு." கிங்கின் தலையை ஒருமுறை தட்டினார். "ஆர்டிஸு, ஒரு நாய் போச்சுன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்காத. இதோ, ஊர்லயே ஒசந்தது."

லைல் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குக்கூடக் கொடுக்காத நாய். வெர்னன் எப்படி வேண்டாம் என்பான்? நன்றி மாமா என்றான். பட்டையைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

ஜூலையில் ஒரு காலை நான் உப்போடு மேல்வீட்டுக்கு ஏறினேன். வீடு பெருக்கிக் கழுவி, ஜன்னலுக்குச் சீலை போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆர்டிஸ் காப்பி போட்டுக் கொடுத்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தாள். வெர்னன் மரச்சரிவுப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்தான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைச் சுவருக்குப் பின்னால் வைத்தான்.

"என்ன தோண்டுனீங்க?" என்றாள் அவள்.

"குப்பைக்குழி ஒண்ணு தூந்து போச்சு."

"தெனமும் தூந்து போவுதா?"

அவன் முகம் கழுவப் போனான். மந்தை எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். "இங்கயும் நரித் தொல்லதான்" என்றான் தண்ணீருக்குள்ளிருந்து. "நேத்துகூட ஒரு குட்டி."

ஆர்டிஸ் எழுந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவன் கோட்டுப் பையில் கைவிட்டு ஊதலை எடுத்தாள். வெளியே போய், விறகு பிளக்கிற கட்டையில், காற்று முகத்தில் அடிக்கிற பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவள் அதை வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஊதினாள். வயிற்றைப் பிடித்து இழுக்கிற சத்தம் அது. பாதியில் அறுத்தாள். ஒரு முனகல். நிறுத்தினாள்.

"ஆர்டிஸ், என்ன இது?" வெர்னன் துண்டும் கையுமாக வாசலில் நின்றான். அவள் திரும்பவில்லை.

ஆடுகள் மேய்ந்த சரிவிலிருந்து கிங் வந்தது. தரையோடு தரையாக, அவசரமாக, ஓலம் வந்த இடத்தை நோக்கி நேராக வந்தது. இந்த மலையில் வாய்க்கால் தூரம், குளித்துவிட்டு வரச் சௌகரியமில்லை. வந்து அவள் காலடியில் படுத்து வாலை ஆட்டியது. அவள் அதன் மார்பைத் தடவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், ரத்தம். பாவாடையில் துடைத்தாள்.

"அன்னைக்குக் கீழ்க்காட்டுல நீ ஊதுனப்ப மொதல்ல வந்தது எது?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

வெர்னன் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தான்.

"வாய்க்கால்ல விழுந்துச்சுன்னு சொன்ன. நல்லா வெளுத்துத்தான் கொண்டாந்த. எனக்குத்தான் கண்ணு தெரியல. டாலிக்காச்சும் ஒண்ணு தெரிஞ்சுது."

"ஒனக்காகத்தான் ஆர்டிஸ். இந்த வீட்டுக்காக. நீதான கேட்ட?"

"ஆமா. நான்தான் கேட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். துப்பாக்கியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். பிறகு அடுப்பிலிருந்து பாகு ஊற்றிய பணியாரம் ஒன்றையும் தட்டோடு கொண்டுவந்து மற்றக் கையில் கொடுத்தாள்.

"ஒன் நாய். நீதான் சுடணும். வேற ஆளு கை படக் கூடாது."

"உங்கப்பாவுக்கு என்னன்னு சொல்றது?"

"சொல்ல வேண்டாம். சுட்டுட்டுக் கீழ எறக்கிக் கொண்டுபோயி அந்த நரி பக்கத்துலயே வேலியில மாட்டு. காலையில எந்திரிச்சு வந்து பாக்கட்டும். யாரு அடிச்சதுன்னு கேட்டா, ஆர்டிஸ் ஊதிக் கூப்ட்டான்னு சொல்லு. மொதத் தடவ ஊதுனதுலயே வந்துருச்சுன்னு சொல்லு."

அவன் தட்டையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தான். கிங் பணியாரத்தைப் பார்த்தபடி பின்னாலேயே போனது. அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். வெடிச் சத்தம் கேட்டது, ஒன்றுதான்.

"அண்ணே, வண்டியில கம்பி இருக்கா?" என்றாள். "மாட்டறதுக்கு."

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.